ஆட்டிடம் கேட்ட உத்தரவு

எழுத்து எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. சுற்றி வளைத்து எழுத வராது. ஆனால் ஓர் ஆட்டைத் தூரத்தில் பார்த்தாலே அதற்கு எத்தனை பல், வயிற்றில் பூச்சி இருக்கிறதா, தூக்கினால் எவ்வளவு கனக்கும் என்று சொல்லிவிடுவேன். கொல்லிமலையில் அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் என் காலத்தில் இரண்டே பேர். இன்னொருவர் செத்துப்போனார்.

மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது. கறி தின்ன உட்காருகிறவன் இலையைத் தொடுவதற்கு முன்னால் என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்பேன். ஏதாவது ஒன்று சொல்லத்தான் செய்வான். "கெழடாயிருச்சுங்க, இனி எதுக்கு ஆகும்" என்பான் ஒருவன். "நானா வெட்டுனேன்? வெட்டுனது வெச்சிருந்தாங்க, வாங்குனேன்" என்பான் இன்னொருவன். கீழே ஒரு வாத்தியார் இருந்தார். கறி தொடமாட்டார், பால் மட்டும் சொம்பு சொம்பாகக் குடிப்பார். அவர் மாடு கிடாரிக் கன்று போட்டால் தொழுவத்தில் வளரும். காளைக் கன்று போட்டால் மூன்றாம் வாரம் அந்த முளைக்குச்சி காலியாக இருக்கும். "கன்னு எங்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "கேட்டவங்களுக்குக் குடுத்துட்டேன்" என்றார். எதற்குக் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார்.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்கு என் கல்யாணத்தின்போது வந்தது. வெள்ளைக்காரன் இருந்த காலம் அது. மலைக்கு ரோடு கிடையாது, பஸ் கிடையாது. நான் பிறந்தது இதே மலையில் குண்டூர் நாட்டில்; பல ஊர் சேர்ந்ததை மலையில் நாடு என்போம். அப்பனும் ஆத்தாளும் ஒரே காய்ச்சலில் போனபிறகு அரியூர் நாட்டுக்கு ஆடு மேய்க்க வந்தேன். இடுப்பில் ஒரு துணி, தோளில் ஒரு கம்பளி. மேய்ப்புக்குக் கூலி குட்டிதான். இரண்டு குட்டி போட்டால் ஒன்று ஆட்டுக்காரருக்கு, ஒன்று எனக்கு. அந்த ஒன்றைத்தான் பெருக்கினேன். ஆறாம் வருஷம் என் ஆடுகள் ஓடையில் இறங்க ஆரம்பித்தால் கடைசி ஆடு இறங்குவதற்குள் வெற்றிலை போட்டு மென்று துப்பி வாயும் கொப்பளித்துவிடலாம். பலாமரத்தில் மிளகுக்கொடி ஏற்றியதும் அந்த ஊரில் முதலில் நான்தான். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கொடுத்ததாக இன்று சொல்லிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. அதெல்லாம் பொய்.

ஆடுகளை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறக்கிக் கசாப்புக்கடை பாய் ஒருவரிடம் விற்றேன். இறக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்றவர்கள் கயிறு கட்டி இழுப்பார்கள், குச்சியால் அடிப்பார்கள். நான் கையில் உப்புக்கல்லை வைத்துக்கொண்டு முன்னால் நடப்பேன். மலையில் உப்பு அருமை. ஆடு அந்த வாசத்துக்கே அடிவாரம் வரை பின்னால் வரும். ஒரு குச்சி முறித்ததில்லை நான்.

பாய் நேர்த்தியான மனிதர். கத்தியைத் தீட்டித் தன் நகத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எடுப்பார். ஓர் ஆட்டின் கண்ணுக்கு முன்னால் இன்னொரு ஆட்டை அறுக்கமாட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் நான் பெருமையடித்தேன்.

"நீங்க ஆண்டவன் பேரைச் சொல்லி அறுக்கறீங்க பாய். நாங்க ஆட்டுக்கிட்டயே உத்தரவு கேக்கறோம். அதுவா ஒத்துக்கிட்டாத்தான் கத்தி."

எங்கள் வழக்கம் அது. கோயிலில் கெடாவை நிறுத்தி, மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். கெடா உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். அம்மனும் ஏற்றுக்கொண்டாள், ஆடும் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். மூன்று தரம் தெளிக்கலாம். மூன்றிலும் சிலுப்பாவிட்டால் அவிழ்த்து விட்டுவிட வேண்டும். கொண்டுவந்தவன் வீட்டில் என்ன குற்றம் இருக்கிறது என்று ஊர் கூடிக் கேட்கும்.

பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாட்டேன்னு சொன்னா விட்டுருவீங்களா?"

"விட்டுருவோம்."

"சரி தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் எத்தனை கெடாயை விட்டிருக்கீங்க?"

யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒருவேளை எனக்குத் தெரியாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மலை ஏறி வீடு சேரும்வரை அதையே நினைத்தேன். அதற்கப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவனின் கையைப் பார்த்தேன்.

அந்த வருஷம்தான் பெண் கேட்டேன். எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஒரே ஓடை, ஒரே அம்மன். பெண் பக்கத்து ஊர். அவளுடைய அப்பன் என் ஆடுகளையும் மிளகையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிடித்திருந்தது என்று முகம் சொன்னது. வாய் வேறு சொன்னது.

"நீ பொழைக்க வந்தவன் தம்பி. உன் பங்காளி யாரு, உன் குலம் எப்படின்னு இங்க யாருக்கும் தெரியாது. பூசாரி அக்கா மகனும் கேக்கறான். அவன் இந்த மண்ணு. ஒண்ணு பண்ணு. தை நோம்பிக்குக் கெடா குடு. அம்மன் உத்தரவு குடுத்தா பொண்ணு உனக்கு."

எல்லாவற்றையும் அம்மன்மேல் போட்டுவிட்டால் அவருக்குச் சுலபம். கொடுத்தாலும் அம்மன், கொடுக்காவிட்டாலும் அம்மன். நான் சரி என்று வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சில் இடித்தது. தண்ணீர் தெளிக்கப்போவது பூசாரி. அவருடைய அக்கா மகன் என் எதிராளி.

தையில் மலைக்காற்று எலும்பைத் துளைக்கும். அந்தக் குளிரில் ஓடைத் தண்ணீர் பட்டால் ஆடு என்ன, பாறையே சிலுப்பும். ஆனால் செம்பைப் பொங்கல் அடுப்போரமாக வைத்திருந்தால்? வெதுவெதுவென்று இருக்கிற தண்ணீர் மேலே விழுந்தால் ஆடு கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நிற்கும். பூசாரிக்கு இது தெரியாமல் இருக்குமா? எனக்கே தெரிகிறதே.

நான் ஏமாறப் பிறந்தவன் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கினேன். கன்னங்கரேல் என்று ஒரு கெடா, என் கையில் வளர்ந்தது. தினமும் காலையில் ஓடைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினேன். சிலுப்பியது. உடனே உப்பு கொடுத்தேன். எந்தத் தண்ணீர் பட்டாலும், சூடோ குளிரோ, சிலுப்பினால் உப்பு என்று அதன் புத்தியில் ஏற்றிவிட்டால் பூசாரியின் செம்பு என்ன செய்யும்? இந்த யோசனை மலையில் வேறு எவனுக்கும் வந்திருக்காது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடைசி வாரத்தில் ஒரு மாற்றம் இருந்தது. அதை நான் கண்டும் காணாமல் விட்டேன். தண்ணீர் ஊற்றியதும் கெடா முதலில் என் கையை நக்க வந்தது. உப்பைத் தின்றுவிட்டு, அப்புறம் ஆற அமரச் சிலுப்பியது. சிலுப்புகிறதா, சிலுப்புகிறது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நோம்பித் திருவிழா அன்று ஈரவேட்டியோடு கும்பிட்ட கையாக நின்றேன். கெடா கொடுக்கிறவன் வெறுங்கையாகத்தான் நிற்க வேண்டும். இரண்டு ஊர் சனமும் இருந்தது. பெண்கள் இடதுபுறம் குலவை போடத் தயாராக நின்றார்கள். பெண்ணின் அப்பன் எனக்கு நேர் எதிரே. பூசாரியின் அக்கா மகன் தூணில் சாய்ந்துகொண்டு வாயில் ஒரு புல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நான் கும்பிடுகிற சாக்கில் குனிந்து செம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. பூசாரி என் விரலைப் பார்த்தார்.

முதல் தரம் ஊற்றினார். கெடா அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தது, அப்புறம் என் கையைப் பார்த்தது.

அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பூசாரி ஒரு குற்றமும் செய்யவில்லை. நான் கொடுத்த பாடத்தைத்தான் கெடா படித்திருந்தது. தண்ணீர், உப்பு, அப்புறம்தான் சிலுப்பு. அது உப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"தாயே, உத்தரவு குடு!" என்று கூட்டம் கத்தியது. இரண்டாம் தரம். முதுகிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்டக் கெடா ஓர் அடி முன்னால் வந்து, கும்பிட்டிருந்த என் கையை முகர்ந்தது.

"ஆடே அவனைக் கும்பிட வருதுடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிரிப்பு கிளம்பியது.

"சிரிக்காதீங்கப்பா. ஊட்ல என்ன குத்தமோ."

"ஊடு எங்க இருக்குதுன்னே தெரியாது, குத்தம் எங்கன்னு தேடறது?"

பெண்ணின் அப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் ஒரு தரம்தான். பெண் போய்விடும். அதோடு போகாது, குற்றமுள்ளவன் என்று பெயர் வந்தால் யார் எனக்கு மேய்ச்சல் விடுவார்கள்? உண்மையைச் சொல்லலாமா என்று தோன்றியது. என்ன சொல்வது? அம்மனை ஏமாற்றப் பார்த்தேன், ஆடு என்னை ஏமாற்றிவிட்டது என்றா?

பூசாரி மாலையைச் சரிசெய்கிறவர்போல என் பக்கம் குனிந்தார். வாய் அசையாமல் பேசினார்.

"காதுக்குள்ள ரெண்டு சொட்டு விடட்டுமா?"

"அது சரிங்களா?"

"அம்மன் தண்ணிதான்டா. தலையில விட்டா என்ன, காதுல விட்டா என்ன? ஊரே பசியில நிக்குது. சொல்லு."

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு அங்கே உத்தரவு கொடுத்தது நான்தான்.

மூன்றாம் தரம் ஊற்றினார். மாலைக்குள் மறைந்த கை காதோரம் போனதை நான் பார்த்தேன். கெடா தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது. குலவை எழுந்தது. ஓர் இமைப்பொழுதில் வேலை முடிந்தது. பெண்ணின் அப்பன் ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "மாப்பிள்ளை!" என்றார்.

பூசாரி ஏன் எனக்கு உதவினார்? இன்றுவரை அந்த உதவியை நான் நம்பவில்லை. தலையும் தோலும் பூசாரி பங்கு, கெடா தப்பினால் அது போச்சு. அதனால் இருக்கலாம். அக்கா மகனைவிட ஆட்டுத்தலை பெரிதா என்றும் தோன்றும். ஒருவேளை எல்லாருக்கும் அப்படித்தான் செய்துவந்தாரோ என்னவோ. அதை அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. என் கெடாவின் கறியை அன்று நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று நாலு பேரிடம் நானே சொன்னேன்.

மறுநாள் காலையில் ஓடைக்குப் போனேன். அந்தப் பெண் குடத்தோடு நின்றாள். அதுவரை நான் அவளிடம் பேசியதில்லை.

"உப்பு கொண்டாரலீங்களா?" என்றாள்.

"எதுக்கு?"

"மாசம் பூரா கொண்டாந்தீங்களே. அந்தப் பாறைக்கு அந்தண்டை நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். தண்ணி ஊத்துவீங்க, உப்பு குடுப்பீங்க, அப்புறம் அது சிலுப்பும். நேத்து பாவம், உங்க கையவே பாத்துட்டு நின்னுச்சு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"காதுல விட்டதும் தெரியுமுங்க. பொம்பளைங்க பக்கமிருந்து நல்லாவே தெரியும்."

"அப்ப மத்தவங்களும் பாத்தாங்களா?"

"யாரு பாக்கல? எல்லாரும் ஊட்ல மசால் அரைச்சு வெச்சுட்டுத்தானுங்க கோயிலுக்கே வர்றாங்க. ஆடு மாட்டேன்னு சொல்லும்னு நெனைக்கிறவ எதுக்கு மசால் அரைக்கிறா?"

இவள் அப்பனிடம் ஒரு வார்த்தை சொன்னால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். எதற்காகச் சொல்லாமல் வைத்திருக்கிறாள்? யாராவது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தால் அதற்கு விலை இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நான் உலகத்தைப் படித்திருந்தேன்.

"உனக்கு என்ன வேணும் அம்மிணி? சீலையா, பாசிமணியா?"

"சந்தையிலயா நிக்கறோம்?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "எங்கப்பன் உங்களக் கேட்டாரு. அம்மனக் கேட்டாரு. கெடாய மூணு தரம் கேட்டாங்க. என்னைய யாருங்க கேட்டா?"

நான் தோளிலிருந்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"நீங்க கேளுங்க" என்றாள். "ஆனா நான் மாட்டேன்னு சொன்னா விட்டுரோணும். காதுல தண்ணி ஊத்தக் கூடாது."

"நீ மாட்டேன்னா, உங்கப்பன்கிட்ட நானே வேண்டாம்னுட்டேன்னு சொல்லிடறேன்." சொல்லிவிட்டேனே தவிர, என் வார்த்தையை நானே நம்பவில்லை. அப்பன் மாப்பிள்ளை என்று சொல்லியாயிற்று, இனி இவள் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்கு ஆட்டின்மேல் குனிந்திருந்த பூசாரியின் சாயல் இருந்தது.

"என்னைக் கட்டிக்கச் சம்மதமா?"

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளும் கேட்டேன். "யோசிக்கறேனுங்க" என்றாள். அன்று பகல் முழுதும் அவள் யாரிடம் பேசுகிறாள், பூசாரியின் அக்கா மகன் ஓடைப்பக்கம் வருகிறானா என்று ஆட்டை விட்டுவிட்டுக் காவல் காத்தேன். இரண்டு ஆடு அடுத்தவன் சாமைக்காட்டில் புகுந்துவிட்டது. ஒருவனும் வரவில்லை. அவள் களை எடுத்தாள், விறகு பொறுக்கினாள், வீட்டுக்குப் போனாள். காவல் காக்கிறவன் கேட்ட கேள்வி என்ன கேள்வி என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மாட்டேன் என்று சொன்னால் நிஜமாகவே விட்டுவிடுவது என்று மனதைத் தயார் பண்ணியிருந்தேன். இதை யாரும் நம்பவேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரியும்.

கேட்டேன்.

"சம்மதமுங்க" என்றாள். "ஒண்ணு மட்டும். நம்ம ஊட்ல ஆட்டுக்கிட்ட உத்தரவு கேக்கக் கூடாது."

"கறியே திங்கக் கூடாதுன்னு சொல்றியா?"

"நானும் திங்கறவதானுங்க. வெட்டோணும்னா எனக்குத் திங்கோணும்னு சொல்லி வெட்டுங்க. விடப்போற ஆளாட்டம் அதுங்கிட்டக் கேக்காதீங்க."

"அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா?"

"நேத்து முந்தாநேத்தா பாத்துட்டு இருக்கா அவ? எல்லாந்தான் பாத்துட்டு இருக்கா."

ஒப்புக்கொண்டேன். பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு செம்பு தண்ணீர் மிச்சம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு மாமனார் வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன்னால் எத்தனையோ கெடா வெட்டியிருக்கிறேன். ஒரே வீச்சு, இரண்டாவது வீச்சுக்கு வேலை வைத்ததில்லை. ஆனால் அப்போதெல்லாம் மேளம் இருக்கும், குலவை இருக்கும், உத்தரவு வந்தாச்சு என்று பின்னாலிருந்து கத்துவார்கள். கை தானாகப் போகும். இங்கே குட்டி இருந்தது, நான் இருந்தேன், கத்தி இருந்தது. எப்போது வெட்டுவது என்று சொல்ல யாருமில்லை. குட்டி அதுபாட்டுக்கு என் வேட்டி ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஆச்சுங்களா?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"இன்னும் இல்லை."

கொஞ்ச நேரம் கழித்து அடுப்பை விட்டு எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "எனக்குத் திங்கோணும்" என்று குட்டியிடம் சொன்னேன். அப்புறம் வெட்டினேன். இரண்டு வீச்சு ஆயிற்று.

மாமனார் இலையில் உட்கார்ந்தார். சாமைச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, குழம்புக்காகக் காத்திருந்தார். மகள் ஊற்றினாள். பிசையப் போனவர் என்னைப் பார்த்தார்.

"உத்தரவு கேட்டீங்களா மாப்பிள்ளை? நல்லாச் சிலுப்புச்சா?"

"கேக்கலீங்க. திங்கோணும்னு நானே வெட்டினேன்."

அவர் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். அவள் குழம்புச் சட்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனியவில்லை. மறுபடியும் என்னைப் பார்த்தார். ஏதாவது ஒன்று சொல்லமாட்டார்களா, சொன்னால் தின்றுவிடலாமே என்று அவர் கண் இரண்டு பேரையும் கெஞ்சியது. நாங்கள் சொல்லவில்லை.

வெளியே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. மாமனார் குழம்பை நன்றாகப் பிசைந்தார். எலும்பை ஒதுக்கி வைத்தார். முதல் கவளத்தை வாய் வரைக்கும் கொண்டுபோய்க் கொஞ்சம் தயங்கி, "எனக்கும் பசிதான் கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தின்னத் தொடங்கினார்.